பௌர்ணமி இரவில் விடுதி விருந்தினரை மலைக்கு அழைத்துப் போவது: செட்டிநாட்டுப் பக்கம் எது சரிவரும்?

முகப்பு_கானாடுகாத்தான்
வணக்கம். பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக நடத்தும் இடத்தில் முன் அலுவலக வேலை. நவம்பர் முதல் மார்ச் வரை தங்குபவர்களில் பலர், பௌர்ணமி இரவில் மலையேறக் கூட்டிப்போவீர்களா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு யோசித்திருப்பது பிரான்மலை. காரைக்குடியிலிருந்து சுமார் 50 கி.மீ. மாலை 6 மணிக்கு அடிவாரம், நிலா வெளிச்சத்தில் ஏற்றம், உச்சியில் சாப்பாடு, நள்ளிரவுக்குள் இறக்கம். 12 விருந்தினர், ஒரு வழிகாட்டி. இதில் எது தவறு, எதை மாற்ற வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கல்
தம்பி, நேரமும் சாப்பாடும் அப்புறம். கால் வைக்கும் நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஒரே மலையில் அடிவாரம் கோயில் நிலமாகவும், நடுப்பகுதி வருவாய்த்துறைப் புறம்போக்காகவும், மேலே காப்புக்காடாகவும் இருக்கலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். இரவில் காசு வாங்கிக்கொண்டு ஆளைக் கூட்டிப்போவது இன்னும் பெரிய சிக்கல்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் உண்டு. அவையும் பகலில் நடப்பதற்கானவைதான்.

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் மாதிரியான இடங்களும் ஆகாது. தொல்லியல் துறை காக்கும் சின்னங்களில் பொழுது சாய்ந்தால் அனுமதி கிடையாது. கோட்டை மேல் நிலா விருந்து என்று விளம்பரம் போட்டுவிட்டால் பிறகு திரும்பப் பெறுவது கஷ்டம்.

மிஞ்சுவது ஊர்ப் பொதுவில் இருக்கும் சின்னப் பாறைக்குன்றுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி ‘அ’ பதிவேட்டைப் பார்த்தால் நிலத்தின் வகை தெரிந்துவிடும். காப்புக்காட்டு எல்லை பக்கத்தில் ஓடினால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தேதி, ஆள் எண்ணிக்கை, வண்டி எண் எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாக ‘போய்ட்டு வாங்க’ என்று சொன்னதை அனுமதி என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

முகப்பு_கானாடுகாத்தான்
நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். திருவிழா நாட்களில் ஊர்க்காரர்கள் இரவில் மலைக்கோயிலுக்கு ஏறுகிறார்களே, அதை யாரும் தடுப்பதில்லையே?

எல்லைக்கல்
அது வழக்கம். அந்தப் பாதை அவர்கள் காலுக்குத் தெரியும், அன்றைக்கு வழிநெடுக ஆளும் விளக்கும் இருக்கும். உங்கள் விருந்தினர் அந்த மலையை முதன்முதலாகப் பார்ப்பவர். உங்களை நம்பிப் பணம் கட்டியவர். ஒன்று நடந்தால் விடுதியைத்தான் கேள்வி கேட்பார்கள்.

பிரான்மலையைப் பகலுக்கு வையுங்கள். கிட்டத்தட்ட 2,500 அடி உயரம். கீழே சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. காலை 6 மணிக்கு ஏற ஆரம்பித்து வெயிலுக்கு முன் இறங்கினால் அருமையான நடை.

திதிக்கணக்கு
நிலவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் பெரிய ஓட்டை அங்கேதான்.

பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா உதிக்கும். நம் ஊர் கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே அந்தி நீடிக்காது. சூரியன் மறைந்து 25 நிமிடத்தில் பாதையின் மேடுபள்ளம் தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் நிலா அடிவானத்திலிருந்து 6 பாகைதான் ஏறியிருக்கும். தூசியும் பனிமூட்டமும் பாதி ஒளியைத் தின்றுவிடும். பார்க்கச் செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும், நடக்க உதவாது. 15 பாகை ஏறியபின்தான் தரையில் தெளிவான நிழல் விழும். அதற்கு உதித்ததிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆக, நீங்கள் 6 மணிக்கு ஏற ஆரம்பித்தால் ஏற்றத்தின் நடுவே அரை மணிக்கு மேல் இருட்டு.

நிலா நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் படுமோசம். சூரியன் மறைந்து 50 நிமிடம் கழித்து உதித்து, அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளிச்சம் தரும். நடுவில் ஒன்றரை மணி நேரம் கும்மிருட்டு.

முந்தைய நாள், அதாவது சதுர்த்தசி, இதற்கு நேர்மாறு. சூரியன் மறையும்போதே நிலா கிழக்கே 12 பாகை ஏறி நிற்கும். பகல் வெளிச்சம் கரையக் கரைய நிலவு ஒளி எடுத்துக்கொள்ளும். நடுவே இருட்டே விழாது. கண்ணுக்கு அன்றைய நிலாவும் முழுசாகத்தான் தெரியும். எனவே விருந்தினருக்குச் சதுர்த்தசிதான் முதல் தேர்வு, பௌர்ணமி இரண்டாவது, மறுநாள் வேண்டவே வேண்டாம்.

நாட்காட்டியில் கவனம் வேண்டும். தினசரித் தாளில் பௌர்ணமி என்று போட்டிருப்பது பெரும்பாலும் காலையில் இருக்கும் திதி. அது மதியமே முடிந்திருந்தால் அன்று இரவு பிரதமை ஆகிவிடும். திதி முடியும் நேரத்தைப் பாருங்கள். கிரகணத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 7 பௌர்ணமி இரவில் 11 மணி முதல் 12.22 வரை முழுக் கிரகணம். அப்படி ஒரு நாளில் நிலவை நம்பி இறக்கம் வைத்திருந்தால் நட்ட நடுப் பாறையில் ஒளி போய்விடும்.

கூழாங்கல்
திதிக்கணக்கு ஐயாவுக்கு ஒரு கேள்வி. அரை நிலா நாளில் பாதி வெளிச்சமாவது இருக்குமே, மாதத்தில் ஆறேழு நாள் வைக்கலாம்தானே?

திதிக்கணக்கு
இருக்காது. அரை நிலா தரும் ஒளி முழுநிலாவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நிலாவின் தரை கரடுமுரடு. பக்கவாட்டில் வெயில் விழும்போது அதன் குழிகளும் மேடுகளும் தங்கள் நிழலாலேயே ஒளியை மறைத்துவிடும். வளர்பிறைத் திரயோதசி, சதுர்த்தசி, பௌர்ணமி, இந்த மூன்று நாள்தான் மாதத்தில் கணக்கு. அதிலும் மேகம் ஒன்றையாவது கழித்துவிடும்.

சுனைப்பாறை
ஐயா சொன்னதோடு பாறையின் திசையையும் சேர்த்துப் பாருங்கள். முன்னிரவில் நிலா கிழக்கே இருக்கும். கிழக்குச் சரிவு வெளிச்சம், மேற்குச் சரிவு முழு நிழல். பாதை மேற்கில் இருந்தால் பௌர்ணமியோ அமாவாசையோ ஒன்றுதான். இதைப் பகலில் போய்ப் பார்த்துவந்தவர்கள் கவனிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் மாலை வெயில் மேற்குச் சரிவில்தான் பளிச்சென்று அடிக்கும்.

நிலா உச்சிக்கு வந்தாலும் தொல்லை உண்டு. தலைக்கு மேல் நிற்கும் ஒளியில் நிழல் குறுகிவிடும்; ஒரு சாண் பள்ளமும் சமதரை மாதிரித் தெரியும். இறங்கும்போது கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இருக்காது. கணுக்கால் பிசகுவது அதிகமும் இதனால்தான். நிலா 30 முதல் 50 பாகையில் இருக்கும்போதுதான் பாறையின் வடிவம் நன்றாகத் தெரியும். உதித்து இரண்டு மணியிலிருந்து மூன்றரை மணி நேரம் வரை.

இனி பாறை. நம் பக்கத்துக் குன்றுகளில் மேல்தோல் தகடு தகடாக உரிந்திருக்கும். கம்பால் தட்டினால் கணீர் என்றால் நல்ல பாறை, டொக் என்று பொள்ளல் சத்தம் வந்தால் தகடு. அதன் விளிம்பில் யாரையும் நிற்க விடாதீர்கள். மழைநீர் வழிந்த இடங்களில் கறுப்பு வரி ஓடும். அது காய்ந்த பாசி. வெயிலில் சொரசொரப்பாக இருப்பது, மார்கழி தையில் இரவு 8 மணிக்கு மேல் பனி இறங்கியதும் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஏறும்போது பிடிமானமாக இருந்த அதே வரி இறங்கும்போது ஆளைத் தள்ளிவிடும். பகலிலேயே சுண்ணாம்பால் சின்னப் புள்ளி வைத்து வரியைச் சுற்றிப் பாதையை மாற்றுங்கள். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பெயிண்ட் வேண்டாம். சுனை இருந்தால் அதன் கரையிலிருந்து மூன்று மீட்டர் விலகியே நிறுத்துங்கள்.

சரிவு 20 பாகைக்கு மேல் இருந்தால் விருந்தினருக்கு ஆகாது. கயிறு தேவைப்படும் இடம் என்றால் அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள்.

கூழாங்கல்
கோயில் எல்லைக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமே? வெறுங்காலோடு நெருஞ்சியில் நடக்கச் சொல்ல முடியாது.

சுனைப்பாறை
படி தொடங்கும் இடத்தில் கழற்றிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளட்டும். கீழே விட்டுவிட்டு வேறு வழியாக இறங்குவதுதான் தவறு. வெளிநாட்டவர் பாதத்துக்குக் கருங்கல் படியே குத்தும். இரண்டு ஜோடி தடித்த காலுறை கொண்டுவரச் சொல்லுங்கள், கோயிலில் காலுறைக்கு ஆட்சேபம் உண்டா என்று முன்பே கேட்டுவிட்டு. இதெல்லாம் பெரிய சங்கடம் என்றால் சன்னிதி இல்லாத குன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

இருட்டுக்கண்
விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. முழுநிலவு தரும் ஒளி நல்ல இரவில் கால் லக்ஸ் அளவு. அதில் நடக்கலாம், ஆனால் கண் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். யாராவது ஒருவர் கைபேசித் திரையைத் திறந்தால் பழகியது அத்தனையும் போய்விடும், மறுபடி அரை மணி நேரம். ஆகவே என் கருத்து: வெள்ளை விளக்கே வேண்டாம். வழிகாட்டியிடம் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு. நிலவை நம்பாத நிலா நடை எதற்கு?

முன்கால்
இதை ஒப்புக்கொள்ள முடியாது. இளைஞர் கூட்டத்துக்குச் சரி. விடுதியில் தங்குபவர்களில் பாதிப் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். வயதாக ஆகக் கண்மணி இருட்டில் விரிவது குறையும். அதே நிலவு அவர்களுக்கு மங்கல். கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் மோசம். ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். 150 லூமன் போதும், அதற்கு மேல் முன்னால் போகிறவர் முதுகில்தான் பளீரென்று அடிக்கும். நாலு பேருக்கு ஒன்று உபரி. பேட்டரி ஒவ்வொரு நடைக்கும் புதுசு. பாதி தீர்ந்தவை விடுதியின் மற்ற விளக்குகளுக்குப் போகட்டும்.

இருட்டுக்கண்
அப்படியானால் விருந்தினர் எதைப் பார்ப்பார்கள்? தன் விளக்கு விழும் ஆறடி வட்டத்தையா?

முன்கால்
இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஏற்றத்தை அந்தி வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். மேலே உட்கார்ந்தபின் எல்லா விளக்கும் அணையட்டும், கைபேசி பைக்குள் போகட்டும். முக்கால் மணி நேரம் அப்படியே நிலவில் இருக்கட்டும். அதற்குள் கண் பழகிவிடும். கண்மாய் நீர் மினுங்குவதும், தூரத்துக் கோபுரமும், பனைமரமும் தெரிய ஆரம்பிக்கும். இறங்கும்போது எல்லோருக்கும் விளக்கு. நிலவை உட்கார்ந்து அனுபவிக்கட்டும். பாறைச் சரிவில் காலுக்கு ஒளி குறைந்தால் அதற்கு விலை எலும்பு முறிவு.

இருட்டுக்கண்
சரி, அந்த ஏற்பாடு நியாயமானது. சமதரைப் பகுதிக்கு வந்ததும் விளக்கை அணைத்துக் கடைசி அரை கி.மீ. நிலவில் நடக்க விடுங்கள், வண்டிப்பாதையாக இருந்தால். ஒரு உத்தியும் சொல்லிக் கொடுங்கள்: மங்கல் ஒளியில் எதையும் நேராக முறைத்துப் பார்த்தால் மறைந்துபோகும். சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கண்ணின் நடுவில் இருட்டுக்கான செல்கள் இல்லை என்பதே காரணம்.

முகப்பு_கானாடுகாத்தான்
இதுதான் வேண்டியிருந்தது. பாம்பு பற்றிப் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

வார்டு_வெள்ளை
பயத்தைப் போக்கச் சொல்ல வேண்டாம், ஏற்பாட்டைச் சொல்லுங்கள். நம் பக்கம் நச்சுப் பாம்பில் முக்கியமானவை நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பின்னால் சொன்ன மூன்றும் இரவில் நடமாடுபவை. சுருட்டை விரியன் கல்லிடுக்கில் கிடக்கும், கை வைக்கும் உயரத்திலும் இருக்கலாம். எனவே பார்க்காத இடத்தில் கையும் வைக்கக் கூடாது, உட்காரவும் கூடாது. கணுக்காலை மூடும் பூட்ஸ், முழு பேன்ட். முன் ஆள் கையில் கம்பு. தட்டிக்கொண்டே போகட்டும், பல பாம்புகள் அதிர்வை உணர்ந்து விலகிவிடும்; விரியன் விலகாமல் கிடக்கவும் கூடும்.

கடித்தால்: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை மரக்கட்டை வைத்து அசையாமல் பிடித்து, ஆளை நடக்க விடாமல் தூக்கி இறக்குங்கள். 108-ஐ அழையுங்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்று பிறகுதான் தெரியும். ‘ஒன்றும் இல்லை, எறும்பு’ என்று விருந்தினர் சொன்னாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

நடையன்று மதியமே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போன் போட்டு, விஷமுறிவு மருந்து கையிருப்பில் உண்டா, இரவு மருத்துவர் இருப்பாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பி தேவைப்படும். எந்த மருத்துவமனை என்று இருட்டில் நின்று யோசிக்கும் நிலை வரக் கூடாது.

சுனைப்பாறை
அக்கா சொன்னதோடு இரண்டு. உட்காரும் பாறையைப் புற ஊதா டார்ச்சால் ஒரு சுற்றுப் பாருங்கள். தேள் பச்சையாக ஒளிரும். செந்தேள் கொட்டினால் குழந்தைகளுக்கு உயிராபத்து உண்டு.

இன்னொன்று மலைத்தேனீ. பாறை முகட்டின் அடியில் அடை தொங்கும். சாதாரணத் தேனீ போல இரவில் அடங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. நிலா வெளிச்சத்தில் மலைத்தேனீ இரை தேடவும் பறக்கும், தொந்தரவு செய்தால் வெளிச்சத்தை நோக்கிப் பாயும். பெரிய டார்ச்சை முகட்டில் அடித்துக் காட்டுகிற வழிகாட்டி தன் குழுவைத்தான் மாட்டிவிடுகிறார். நடைக்கு முந்தின வாரமே அடை இருக்கிறதா என்று பகலில் பாருங்கள். இருந்தால் அந்தக் குன்று அந்தப் பருவத்துக்கு வேண்டாம். சென்ட் பூசி வரவேண்டாம் என்றும் அறையில் வைக்கும் தாளில் எழுதிவிடுங்கள்.

முன்கால்
ஆள் கணக்கு. 12 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது பகல் கணக்கு. இரவில் 8 விருந்தினர், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், குறைந்தது அவ்வளவு. கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். இருவரில் ஒருவராவது அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். நாய் குரைத்தாலும், யாராவது வழிமறித்துக் கேட்டாலும், அவர் குரல் போதும்.

நேரத்துக்குக் கணக்கு: சமதரையில் மணிக்கு 5 கி.மீ., ஏற்றத்தில் 600 மீட்டருக்கு ஒரு மணி கூடுதல். ஒன்றரை கி.மீ. தூரம், 80 மீட்டர் உயரம் என்றால் 26 நிமிடம் வரும். விருந்தினர், இரவு, பாறை என்பதற்காக அதை இரட்டிப்பாக்குங்கள். இறக்கத்துக்கும் அதே அளவு. இறக்கம் வேகம் என்று குறைக்காதீர்கள். விளக்கோடு இறங்கும்போது ஏறியதைவிட மெதுவாகவே வருவார்கள்.

தை மாதச் சதுர்த்தசிக்கு ஒரு மாதிரி: 4.00 விடுதியில் கிளம்பல், 5.15 அடிவாரம், காலணி பார்த்து ஆளை எண்ணி 5.30-க்கு ஏற்றம், 6.20-க்குள் மேலே. சூரியன் மறைவது ஏறத்தாழ அப்போதுதான். மேற்கே அவன் இறங்க, கிழக்கே நிலா ஏற, நடுவில் உங்கள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 8.00-க்கு இறக்கம், 9.00 வண்டி, 10.15 விடுதி. 6.00 மணிக்குப் பாதிகூட ஏறவில்லை என்றால் அங்கிருந்தே திரும்புங்கள்.

சமையல்கட்டு
உச்சியில் சாப்பாடு வேண்டாம் தம்பி. மசாலா வாசனைக்கு நாயும் எறும்பும் வரும், எலும்பும் இலையும் யார் இறக்குவது? வயிறு நிரம்பினால் இறக்கத்தில் கால் தள்ளாடும். மேலே தேன்குழல், எள்ளுருண்டை, சுக்குமல்லிக் காபி ஃபிளாஸ்கில், இது போதும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். யாராவது சோர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுங்கள். விருந்தை வீட்டு வளவில் வையுங்கள். இறங்கி வந்தவர்களுக்கு 10.15-க்குச் சூடாக இடியாப்பமும் குருமாவும். மேலே மதுபானம் கூடவே கூடாது என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், அது பாதுகாப்புக்கும் ஊர் மரியாதைக்கும்.

வார்டு_வெள்ளை
முன்பதிவுத் தாளில் கேட்க வேண்டியவை: மாலைக்கண், கண்புரை, முழங்கால் அறுவை, தலைசுற்றல், தேனீக் கொட்டுக்கு ஒவ்வாமை, நெஞ்சுவலி மாத்திரை. தாளை நம்பி விட்டுவிடாதீர்கள். முந்தைய இரவு விடுதி மாடிப்படியில் விளக்கில்லாமல் ஒரு தடவை இறங்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஆளோடு. கைப்பிடியை விடவே மாட்டேன் என்பவருக்கு மொட்டைமாடியில் நாற்காலி போடுங்கள். கானாடுகாத்தான் ஓட்டுக்கூரைகளின் மேல் நிலா அடிப்பதும் லேசான காட்சி இல்லை.

முகப்பு_கானாடுகாத்தான்
குறித்துக்கொண்டேன். கடைசியாக இரண்டு கேள்வி. சித்ரா பௌர்ணமியும் தைப்பூசமும் விருந்தினருக்குப் பெயர் தெரிந்த நாட்கள், அவற்றில் வைக்கலாமா? மேலே உட்காரும்போது வழிகாட்டி என்ன பேசலாம்?

எல்லைக்கல்
தைப்பூசத்தை ஒட்டி வேண்டாம். நகரத்தார் காவடியும் பாதயாத்திரையும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் போகும் காலம். சாலையோரம் இரவெல்லாம் ஆட்கள் நடப்பார்கள். உங்கள் வேன் அந்த வழியில் ஊர்ந்துதான் போக முடியும், போகவும் வேண்டும். நடப்பவர்களுக்கு வழிவிடுவதுதான் முறை. அந்த மாதம் வேறு திசைக் குன்றாகப் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

சுனைப்பாறை
சித்திரையில் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு 9 மணி வரை கக்கும், உட்கார முடியாது. கோடை இடியும் மாலையில்தான் வரும். மொட்டைப் பாறையில் மின்னலுக்கு உயரமான பொருள் உங்கள் விருந்தினர்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே இறங்க வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி ஆகாமல் மறுபடி ஏறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். 24 மணி நேரத்துக்குள் மழை பெய்திருந்தால் ரத்து. மார்கழி, தை, மாசி முன்பாதி, இதுதான் உங்கள் பருவம். அதற்குப் பிறகு புல் காய்ந்து தீ பயம் வந்துவிடும்.

திதிக்கணக்கு
பேசுவதற்கு அந்தக் குன்றிலிருந்தே விஷயம் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே பிரான்மலை நிழலாகத் தெரியக்கூடும். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை. போன மாதத்து நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் எங்களுடையது, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்று பாரி மகளிர் அழுதது அந்த மலையை வைத்துத்தான். பிரெஞ்சோ ஆங்கிலமோ, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னபின் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம்.

முன்கால்
வேன் ஓட்டுநருக்கும் ஒரு வார்த்தை. வண்டியைச் சாலை நோக்கித் திருப்பி நிறுத்திவைத்து, குழு இறங்கி வரும் திசையில் முகப்பு விளக்கைப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். உதவி செய்கிறேன் என்று பளீரென்று அடித்துவிடுவார்கள்; கடைசிப் படியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கண் போகும். உள்விளக்கு ஒன்று எரிந்தால் போதும்.